வளர்மதி வீட்டு மூன்று பல்புகள்

ரிப்பேர் பெஞ்சுக்குப் புதிதாக வந்திருக்கும் நால்வருக்கும் வணக்கம். என்னைப் பற்றி ஏற்கெனவே உங்கள் காதில் போட்டிருப்பார்கள். வாய் ஜாஸ்தி, எடுத்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்த இடத்தில் வைக்காவிட்டால் ஊரைக் கூட்டுவாள், தன் தப்பை மட்டும் ஒத்துக்கொள்ளவே மாட்டாள் என்று சொல்லியிருப்பார்கள். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதைப் பொய்யாக்கத்தான் இதை எழுதுகிறேன்.

திருவொற்றியூரில் நம் சர்வீஸ் சென்டரில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தேன். சோக் வைத்த டியூப்லைட்டில் ஆரம்பித்து, செல்போனிலிருந்து நிறம் மாற்றுகிற ஸ்மார்ட் பல்பில் முடித்தேன். ஸ்மார்ட் பல்புக்குள் சின்னதாக ஒரு மூளை இருக்கிறது. கம்பெனிக்காரன் அதற்குச் சொல்லிக்கொடுத்ததைத் துடைத்துவிட்டு நமக்கு வேண்டியதைச் சொல்லிக்கொடுப்பதுதான் ஃபர்ம்வேர் மாற்றுவது. அதை எப்படிச் செய்வது என்று நான் எழுதப்போவதில்லை. யூடியூபில் இருக்கிறது, என்னைவிடப் பொறுமையாகவும் சொல்கிறார்கள். ஒன்றே ஒன்று மட்டும்: பல்பை ஹோல்டரில் மாட்டி கரண்ட் கொடுத்துக்கொண்டே அதன் வயிற்றில் லேப்டாப் ஒயரைச் செருகாதீர்கள். அப்படிச் செய்த ஒரு மகானுபாவர் நம் சென்டரில் உண்டு. லேப்டாப் போய்விட்டது, ஆள் பிழைத்துக்கொண்டார். அவர்தான் இப்போது உங்களுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நம் ஜாப் கார்டில் ‘பழுதின் காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது அல்லவா? அதில் நான் அதிகமாக எழுதிய பதில் ‘கஸ்டமர் கையாண்ட விதம்’. மின்னல் விழுந்திருந்தாலும் அதையேதான் எழுதுவேன். பழியை வாங்கியவர் தலையில் கட்டிவிட்டால் சாப்பாட்டு நேரத்துக்குள் கார்டு முடிந்துவிடும். அந்தப் பழக்கம் ரிட்டயர் ஆவதற்கு ஒரு வருஷம் முன்பு என்னையே எப்படித் திருப்பி அடித்தது என்பதுதான் விஷயம்.

விசைப்படகுகளுக்கான தடைக்காலம் முடிய நான்கு நாள் இருந்தது. இரண்டு மாதமாகக் கரையில் கிடந்த படகுகளுக்கெல்லாம் காசிமேட்டில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அன்று காலை தேசப்பன் என்ற மீனவர் ஒரு துணிப்பையோடு வந்து என் முன்னால் நின்றார். பையில் மூன்று ஸ்மார்ட் பல்புகள். ஆளுக்கு முப்பது வயதிருக்கும். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

அவர் மனைவி வளர்மதிக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது, பேச்சும் இல்லை. எட்டு மாதத்தில் ஒரு பெண் குழந்தை, தன்ஷி. குழந்தை பிறந்தபோது உறவுக்காரர் ஒருவர் இந்த ஏற்பாட்டைச் செய்துகொடுத்திருக்கிறார். தூளிக்குப் பக்கத்தில் ஒரு பழைய செல்போன் தொங்கும். குழந்தை அழுதால் அந்த போனுக்குத் தெரியும். போன் சொன்னதும் வீட்டில் உள்ள மூன்று பல்பும் சிவப்பாகும். யாராவது அழைப்பு மணியை அழுத்தினால் நீலம். வளர்மதி சமையல் அறையில் இருந்தாலும் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாலும் சிவப்பைப் பார்த்து ஓடி வருவாள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பல்புக் கம்பெனியின் வேலை எல்லாம் வெளிநாட்டில் எங்கேயோ இருக்கும் கம்ப்யூட்டர் வழியாக நடந்துகொண்டிருந்தது. காசிமேட்டுச் சந்தில் குழந்தை அழுதால் அந்தச் சேதி கடல் தாண்டிப் போய், திரும்பி வந்து, அடுத்த அறையில் இருக்கும் அம்மாவிடம் சேரும். ஒரு நாள் அந்தக் கம்பெனி கடையைக் கட்டிவிட்டது. பல்புகள் வெறும் வெள்ளை பல்புகள் ஆகிவிட்டன.

தடைக்காலத்தில் தேசப்பன் வீட்டிலேயே இருந்ததால் பிரச்சினை இல்லை. குழந்தை அழுதால் அவர் காதில் விழும். இனிமேல்தான் சங்கடம்.

“நா போட்டுக்குப் போனா திரும்பி வர பத்து நாளு ஆவும் யக்கா. அது வூட்ல தனியா கீது. புள்ள அழுதா அத்துக்கு எப்டி தெரியும்? லைட்டு எரிஞ்சாதான் தெரியும்.”

போகாமல் இருந்துவிடவும் முடியாது. முதல் பயணத்துக்கு வராத ஆளுக்குப் பதில் வேறு ஆளை ஏற்றிக்கொள்வேன், பிறகு சீசன் முழுக்க இடம் கிடையாது என்று படகின் டிரைவர் சொல்லிவிட்டாராம். துணைக்கு யாரையாவது வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். தேசப்பன் சிரித்துவிட்டு, தன் போனில் மனைவி அனுப்பியிருந்த மெசேஜைக் காட்டினார். என் புள்ளைய நான் பாத்துக்குவேன், எனக்கு ஆள் வேணாம், லைட்டு வேணும் என்று எழுதியிருந்தாள். எனக்கு அந்தப் பெண்ணை அங்கேயே பிடித்துவிட்டது. ரெண்டே நாளில் முடித்துத் தருகிறேன் என்று வாயை விட்டேன்.

ஃபர்ம்வேரை மாற்றிவிட்டால் பல்பு கடல் தாண்டிப் போக வேண்டியதில்லை. போனும் பல்பும் வீட்டு வைஃபைக்குள்ளேயே பேசிக்கொள்ளும். எனக்கு அது கைவந்த கலை என்று நினைத்திருந்தேன். முதல் பல்பின் மூடியை எடுக்கும்போதே உள்ளே இருந்த பலகையையும் சேர்த்துப் பெயர்த்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. கடையில் அதே மாதிரி ஒன்று வாங்கிவந்து வைத்துவிட்டு, பெருந்தன்மையாக ‘ஒன்று ரொம்பப் பழசாக இருந்தது, மாற்றிவிட்டேன்’ என்று தேசப்பனிடம் சொன்னேன். அவர் நன்றி வேறு சொன்னார். இன்றுவரை உறுத்துகிறது.

மறுநாள் மூன்றையும் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்ப வேண்டிய சந்து. முன்னறை, சமையல் அறை, பின்னால் துவைக்கும் இடம், அவ்வளவுதான் வீடு. வளர்மதி கதவைத் திறந்ததும் நான் வழக்கப்படி பேச ஆரம்பித்தேன். அவள் காதைக் காட்டி இல்லை என்று கையசைத்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? இன்னும் உரக்கப் பேசினேன். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு ஆள் எட்டிப் பார்த்தார். வளர்மதி தன் போனில் தட்டி என் முகத்துக்கு நேரே நீட்டினாள்: “எவ்ளோ சத்தமா பேசினாலும் எனக்கு கேக்காது அக்கா. பக்கத்து வூட்டுக்குத்தான் கேக்கும். டைப் பண்ணுங்க.”

பல்புகளை மாட்டினேன். அப்போது தன்ஷி நல்ல பிள்ளையாகச் சரியான நேரத்தில் அழுதாள். மூன்று பல்பும் பளிச்சென்று நீலமாக எரிந்தன. வளர்மதி போய் வாசல் கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. திரும்பி வந்து என்னைப் பார்த்தாள். நான் நிறங்களை மாற்றிக் கோத்திருந்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் நானும் சிரித்துவிட்டேன், அழுதுகொண்டிருந்த பிள்ளையும் சிரித்துவிட்டது. பத்து நிமிடத்தில் சரிசெய்தேன். அதன் பிறகு அழுதால் சிவப்பு, மணி அடித்தால் நீலம். சாயங்காலம் வரை ஒரு தப்பும் இல்லை. தேசப்பன் வறுத்த வஞ்சிரம் இல்லாமல் என்னை அனுப்ப மறுத்தார். நானும் ரொம்ப வற்புறுத்த விடவில்லை. பஸ்ஸில் வரும்போதே சிவப்பாக எரியும் பல்பைப் படம் எடுத்ததை நம் சென்டர் குரூப்பில் போட்டு, வந்த பாராட்டையெல்லாம் ஒவ்வொன்றாகப் படித்தேன்.

தடைக்காலம் முடிய ஒரு நாள் மிச்சம் இருந்தபோது, மதியம் வளர்மதியிடமிருந்து மெசேஜ். மூன்று பல்பும் வெள்ளை. குழந்தை அழுதும் மாறவில்லை. தேசப்பன் வீட்டில் இருந்ததால் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் யோசித்தேனா? யோசிக்கவில்லை. இருபத்தாறு வருஷப் பழக்கம் என் விரலைப் பிடித்து எழுதவைத்தது. சுவிட்சை அணைத்து அணைத்துப் போடக் கூடாது, இதெல்லாம் நுணுக்கமான பொருள், சாதா பல்பு போல நினைக்காதீர்கள் என்று நீளமாக ஒரு பிரசங்கம் அனுப்பினேன். பதிலுக்கு ஒரு படம் வந்தது. மூன்று பல்பின் சுவிட்சுகள் மீதும் கறுப்பு டேப் ஒட்டி, அதன் மேல் வெள்ளைப் பேனாவால் மண்டை ஓடு வரைந்திருந்தாள். யாருமே தொடவில்லை என்பது அந்த மண்டை ஓட்டைப் பார்த்தாலே தெரிந்தது.

அங்கே ஓடினேன். பல்புகள் மூன்றும் எல்லாவற்றையும் மறந்திருந்தன. வைஃபை பெயர், பாஸ்வேர்டு, நிறங்கள், எதுவும் இல்லை. நேற்றுத்தான் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் இருந்தன. திரும்பச் சொல்லிக்கொடுத்துவிட்டு வெளியே வந்து டீ குடித்து முடிப்பதற்குள் மறுபடியும் மூன்றும் வெள்ளை. இந்த முறை வைஃபை பெட்டியின் மேல் பழியைப் போட்டேன். அதைத் துடைத்து, இடம் மாற்றி, மறுபடி எல்லாவற்றையும் ஏற்றினேன். அந்த நேரத்தில் வளர்மதி என் போனுக்கு ஏதோ எழுதி அனுப்பினாள். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வேலை செய்யும்போது குறுக்கே பேசினால் எனக்குப் பிடிக்காது. அவள் பேசக்கூட இல்லை, எழுதத்தான் செய்தாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு மணி நேரம் நன்றாக எரிந்தது. கிளம்பலாம் என்று பையை மாட்டியபோது, என் கண் முன்னாலேயே மூன்றும் வெள்ளையாகின. யார் முகத்தையும் பார்க்க எனக்குத் துணிவில்லை. தேசப்பன் கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

“பரவால்ல யக்கா. நீ இன்னா பண்ணுவ. நா டிரைவராண்ட போய் வரலன்னு சொல்ட்டு வந்துட்றேன்.”

அவர் சட்டையைப் போட ஆரம்பித்தார். வளர்மதி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் கையாலேயே சண்டை போட்டார்கள். எனக்கு அந்தச் சைகை எதுவும் தெரியாது, ஆனால் யார் போ என்கிறார், யார் போகமாட்டேன் என்கிறார் என்பது நன்றாகப் புரிந்தது. கடைசியில் நாளைக் காலை வரை பொறுப்பது என்று முடிவாயிற்று. நான் வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். என் கைவேலையை நம்ப முடியாமல் ஒரு மனிதன் பிழைப்பை விடப் போகிறான். விடாவிட்டால் ஒரு குழந்தை அழுவது யாருக்கும் தெரியாமல் போகும். இரண்டுக்கும் காரணம் நான்.

மறுநாள்தான் படகு கிளம்புகிற நாள். சாயங்காலம் ஆறு மணிக்குள் எல்லோரும் துறைமுகத்தில் இருக்க வேண்டும். காலை எட்டு மணிக்கே போய்விட்டேன். வளர்மதி என்னை உள்ளே விட்டாள், முன்னறையின் நடுவில் நிற்கவைத்தாள். என் செருப்பைக் காட்டி வாசலில் கழற்றச் சொன்னாள். வீட்டுக்குள் செருப்போடு வந்ததற்குக் கோபமோ என்று கூச்சத்தோடு கழற்றினேன். அதற்கில்லை. என்னை வெறுங்காலோடு மொசைக் தரையில் நிறுத்தி, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, பல்பைப் பார் என்று கண்ணால் காட்டினாள்.

அப்படியே ஒரு கால் மணி நேரம் நின்றோம். நான் ஒருமுறை பேச வாயெடுத்தேன். விரலை உதட்டில் வைத்து அடக்கினாள். பிறகு உள்ளங்காலில் லேசாக ஒரு நடுக்கம். அதே நொடியில் பல்பு ஒரு சிமிட்டு சிமிட்டியது. வளர்மதி என் மணிக்கட்டை ஒருமுறை அழுத்தினாள். மறுபடி நடுக்கம், மறுபடி சிமிட்டல், மறுபடி அழுத்தினாள். ஆறாவது முறை அழுத்தியபோது பல்பு வெள்ளையாகி அப்படியே நின்றது. அவள் என் கையை விட்டுவிட்டு, என் போனை எடுத்து, நேற்று அனுப்பி நான் படிக்காமல் விட்ட மெசேஜைத் திறந்து காட்டினாள்: “தரை அதிருது. லைட்டு கண்ணடிக்குது. அப்புறம்தான் வெள்ளை ஆவுது.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சந்து முனையில் ஐஸ் உடைக்கும் மெஷின் ஒன்று இருக்கிறது. பாளம் பாளமாக வரும் ஐஸை உடைத்துப் படகுகளுக்கு அனுப்புவார்கள். தடைக்காலம் முழுக்க அது தூங்கிக்கொண்டிருந்தது. படகுகள் கிளம்பப் போகின்றன என்றதும் முந்தின நாள் மதியம்தான் எழுந்திருக்கிறது. பழைய மெஷின். பாளம் சிக்கிக்கொண்டால் அதை ஓட்டும் காதர் பாய் பட்டனைத் தட்டித் தட்டி எடுப்பார். ஒவ்வொரு தட்டுக்கும் சந்து முழுக்கக் கரண்ட் ஒருமுறை கண் சிமிட்டும். மற்றவர்களுக்கு அது பழகிப்போன சங்கதி. நானும் நேற்று இரண்டு முறை அந்த மெஷின் சத்தத்தைக் காதால் கேட்டுக்கொண்டேதான் வேலை பார்த்தேன். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

ஆறு என்ற எண்தான் என்னைக் கொன்றது. நாம் ஏற்றும் ஃபர்ம்வேரில் ஒரு வசதி இருக்கிறது. பல்பை வேகமாக ஆறு முறை அணைத்துப் போட்டால் அது எல்லாவற்றையும் மறந்து முதலிலிருந்து ஆரம்பிக்கும். தப்பாக எதையாவது ஏற்றிவிட்டு மாட்டிக்கொள்கிறவர்களைக் காப்பாற்ற வைத்தது. அதை எழுதிய புண்ணியவானின் ஊரில் கரண்ட் கண் சிமிட்டாது போலிருக்கிறது. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை, ஏனென்றால் அதை எழுதியவரே வேண்டாமென்றால் அணைத்துவைக்கவும் வழி வைத்திருக்கிறார். நான் அதைப் படித்திருந்தேன். படித்துவிட்டு வேண்டுமென்றே அணைக்காமல் விட்டேன். நாளைக்கு ஏதாவது கோளாறு என்றால் மூடியைத் திரும்ப அறுக்காமல் நானே சுலபமாகச் சரிசெய்துகொள்ளலாம் அல்லவா? என் சௌகரியத்துக்காக விட்டுவைத்தது அது. பல்பு எனக்காகவா எரிகிறது?

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். அந்த வசதியை அணைத்துவிட்டால் பல்பு மறக்காது. ஆனால் நான் ஒரு எழுத்தைத் தப்பாகப் போட்டுவிட்டால் அதை உடைத்துத்தான் சரிசெய்ய முடியும், அதற்குள் தேசப்பன் கடலில் இருப்பார். கையில் பத்து மணி நேரம்கூட இல்லை. மூன்றையும் மாற்றுவதா, ஒன்றை மட்டும் மாற்றுவதா என்று எனக்குள் நானே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நல்ல காரியம் செய்தேன், வேலையில் அதற்குமுன் அவ்வளவாகச் செய்யாதது. அந்தப் பல்போடு வாழப்போகிறவளிடம் கேட்டேன். உள்ளதை உள்ளபடி, என் சோம்பேறித்தனம் உட்பட, எல்லாவற்றையும் டைப் செய்து கொடுத்தேன்.

வளர்மதி படித்தாள். மறக்காத மாதிரியே மூன்றையும் மாற்றிவிடு, தப்பானால் அறுத்துக்கொள் என்று பதில் வந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இன்னொன்றும் எழுதினாள்.

“அக்கா, புள்ள அழலன்னா சிவப்பு இல்ல. பல்பு கெட்டுப்போனாலும் சிவப்பு இல்ல. ரெண்டுக்கும் நான் எப்டி வித்தியாசம் கண்டுபுடிக்கிறது?”

இருபத்தாறு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்தவள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. ஒன்றும் வராததை நல்ல சேதி என்று எடுத்துக்கொள்வது காது கேட்கிறவர்களின் பழக்கம் என்று நினைக்கிறேன். சத்தம் வந்தால் கவலைப்படுவோம், சத்தம் இல்லாவிட்டால் தூங்கிவிடுவோம். அவளுக்கு அந்த வசதி கிடையாது. சத்தம் இல்லாமலேதான் எப்போதும் இருக்கிறாள், அதனால் அதை நம்புவதில்லை. நீங்கள் எந்த எச்சரிக்கை விளக்கைச் செய்தாலும் இந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள். விளக்கு எரியாதபோது அது என்ன சொல்கிறது?

அதற்கு என்ன செய்யலாம் என்பதையும் அவளே சொன்னாள். எல்லாம் சரியாக இருந்தால் பல்பு எப்போதும் மெலிதான பச்சையில் இருக்க வேண்டும். பச்சை போய் வேறு எந்த நிறம் வந்தாலும், இருட்டே வந்தாலும், அவள் நேரே போய்க் குழந்தையைப் பார்ப்பாள். அப்புறம்தான் மற்றதெல்லாம். ஆகவே தூளிப் பக்கத்து போன் நிமிடத்துக்கு ஒரு முறை ‘நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்’ என்று பல்புகளுக்குச் சொல்ல வேண்டும். அது சொல்லாமல் விட்டால் பல்பு பச்சையை விட்டு மஞ்சளுக்குப் போய்விட வேண்டும். கரண்ட் போனால் பச்சை போகும். வைஃபை போனால் பச்சை போகும். போனில் சார்ஜ் இறங்கினாலும் பச்சை போகும். கெடுவதற்கு எத்தனை வழி உண்டோ அத்தனைக்கும் ஒரே பதில், போய்ப் பிள்ளையைப் பார்ப்பது. நான் செய்த ஏற்பாட்டைவிட இது நூறு மடங்கு மேல். வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மதியம் இரண்டு மணி வரை வேலை. அந்த நாலைந்து மணி நேரம் ஒவ்வொரு எழுத்தையும் நான் இரண்டு முறை படித்தேன், வளர்மதி ஒரு முறை படித்தாள். பாஸ்வேர்டில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்ததை அவள்தான் கண்டுபிடித்தாள். அதை அப்படியே ஏற்றியிருந்தால் மூன்று பல்பையும் அறுக்க வேண்டியிருந்திருக்கும்.

அடுத்தது சோதனை. தேசப்பனும் நானும் போய்க் காதர் பாயை மெஷினோடு மல்லுக்கட்டச் சொன்னோம். பாய் நம்பவில்லை. சத்தத்தைக் குறை, மெஷினை நிறுத்து என்று சந்து ஜனங்கள் எப்போதும் வந்து நிற்பார்களாம். வேண்டுமென்றே சிக்கவைத்து பட்டனைத் தட்டு என்று கேட்டு வந்த முதல் ஆட்கள் நாங்கள்தான். இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று சந்தேகப்பட்டவர், குழந்தை விஷயத்தைச் சொன்னதும் எழுந்துவிட்டார்.

“மெஷினு போனா போவுது. புள்ளைக்குன்னு சொல்றீங்கோ. எவ்ளோ தபா தட்டணும்?”

பத்து முறை தட்டினார். சந்து முழுக்க டிவி அணைந்து வந்தது, யாரோ சீரியல் போச்சு என்று கத்தினார்கள். வளர்மதி வீட்டில் மூன்று பல்பும் ஒவ்வொரு தட்டுக்கும் சிமிட்டி, சிமிட்டி முடிந்ததும் பழையபடி பச்சைக்கே வந்து நின்றன. பாய் இன்னும் ஒரு பத்து தட்டட்டுமா என்று ஆள் அனுப்பிக் கேட்டார். போதும் என்று சொல்லியனுப்பினோம்.

மிச்சம் இருந்தது ஒன்றுதான், குழந்தை அழ வேண்டும். அங்கேதான் தன்ஷி எங்களைக் கைவிட்டாள். நாங்கள் எதிர்பார்த்துக்கொண்டிருந்ததால்தானோ என்னவோ, அன்று மதியம் முழுக்க அந்தப் பிள்ளை அழவே இல்லை. தேசப்பன் முகத்தைக் கோணலாக்கிப் பயமுறுத்தினார். கைகொட்டிச் சிரித்தது. நான் கிலுகிலுப்பையைப் பிடுங்கினேன். என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டது. தேசப்பன் தானே குழந்தை மாதிரி அழுது காட்டினார். தூளிப் பக்கத்து போன் ஏமாறவில்லை, பிள்ளைக்கு அது இன்னும் வேடிக்கையாக இருந்தது. பசிக்கட்டும் என்று காத்திருந்தால், பசிக்கு முன்பே தூங்கிவிட்டது. கிள்ளிவிடலாமா என்று நான் டைப் செய்தேன். வளர்மதி பார்த்த பார்வையில் போனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

ஐந்தரை மணி ஆயிற்று. சந்துக்குள் வெயில் எப்போதோ போயிருந்தது. தேசப்பனின் துணிமூட்டை வாசலில் தயாராக இருந்தது, ஆனால் அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். மெஷினுக்குத் தாங்கியது சரி, அழுகைக்குச் சிவப்பு வருமா என்று புதிய ஏற்பாட்டில் யாரும் பார்க்கவில்லையே என்றார். நியாயம்தான். நான் செய்ததை நம்பு என்று சொல்ல எனக்கு யோக்யதை இல்லை, அதனால் சொல்லவில்லை. வளர்மதி மட்டும் பச்சையைக் காட்டி, தன் நெஞ்சைக் காட்டி, சந்தின் முனையைக் காட்டினாள். நான் இருக்கிறேன், நீ கிளம்பு என்று அர்த்தம். அவர் எழுந்து மூட்டையைத் தோளில் போட்டார். போட்டுவிட்டுப் படியிறங்காமல் அவளைப் பார்த்தபடி நின்றார். அவள் வீட்டுக்கு முதுகைக் காட்டி, நிலையைப் பிடித்துக்கொண்டு, அவரைப் பார்த்து நின்றாள். நான் படிக்குப் பக்கத்தில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

உள்ளே தூளி அசைந்தது. தன்ஷி விழித்துவிட்டாள். தூளித் துணிக்கு மேலே தலையைத் தூக்கி, தோளில் மூட்டையோடு நிற்கிற அப்பாவைப் பார்த்தாள். இரண்டு மாதமாக அவரை மூட்டையோடு பார்க்காத பிள்ளை. உதடு பிதுங்கியது, பிறகு வீடே அதிர அழுதாள். எங்கள் இருவருக்கும் கேட்டது. தேசப்பன் பழக்கத்தில் மூட்டையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓட ஒரு காலைத் தூக்கினார்.

அதற்குள் அவருடைய வெள்ளைச் சட்டை சிவப்பாகிவிட்டது. அந்தச் சிவப்பைப் பார்த்த வளர்மதி ஒரு நொடிகூட நிற்கவில்லை. அவரை விட்டுவிட்டுத் திரும்பி உள்ளே போய்விட்டாள். நாங்கள் பார்க்கும்போது பிள்ளை அவள் தோளில் இருந்தது, அவள் கை அதன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தது. பல்பு மெதுவாகப் பச்சைக்குத் திரும்பியது.

தேசப்பன் தூக்கிய காலைக் கீழே வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ள அவருக்கு வெட்கமாக இல்லை, எனக்கும் இல்லை. மூட்டையை மறுபடி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“நா காலெடுத்து வெக்கறதுக்குள்ள அவ போயிட்டா யக்கா,” என்றார். “நா கெளம்பறேன்.”